பதினான்கு வாட்

ரொன்ஸே ரயில் நிலையத்துக்குப் பின்னால் என் கடை.
பஞ்சர், பிரேக், சங்கிலி. பத்து மணிக்குத் திறப்பேன்.
ஒன்பதே முக்காலுக்கே வந்து நின்றார் லீவன்,
தண்ணீர் வாரியத்தில் கணக்கு எழுதுபவர்,
வயது ஐம்பத்திரண்டு.
கையில் ஒரு கறுப்பு சைக்கிள்,
அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய
கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல்.

"காற்றுக் குகையில் சோதித்தது" என்றார்.
"பதினான்கு வாட் மிச்சமாம்."
எந்த வேகத்தில் என்று நான் கேட்கவில்லை.
அட்டையில் பொடி எழுத்தில் இருந்தது:
மணிக்கு நாற்பத்தைந்து.
லீவன் போவது இருபத்திரண்டு.
இறக்கமும் முதுகுக் காற்றும் சேர்ந்துகொண்டால் முப்பது.
அந்த வேகத்தில் காற்று அவரைப் பொருட்படுத்துவதில்லை.
பொருட்படுத்தினாலும்
முதலில் கவனிப்பது தொப்பையை.

கைப்பிடிக்கு அடியில் கிறீச்சென்று ஒரு சத்தம்.
பழைய சைக்கிள் என்றால் ஒரு சின்ன பேரிங்,
காபி ஆறுவதற்குள் மாற்றியிருப்பேன்.
இதில் எல்லாக் குழாயும்
எலும்புக்குள் மஜ்ஜைபோல் ஒளிந்து ஓடுகிறது.
எண்ணெயை வடித்து, குழலை வெட்டி,
கழுத்தைக் கழற்றி, மறுபடி கோத்து
மூன்றரை மணி நேரம்.
ஆனையை வாங்கியவர்
அங்குசத்துக்குப் பேரம் பேசவில்லை.
கார்டை நீட்டினார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே.

அன்று மாலை சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன்:
பந்தயக்காரன் பொருள் பந்தயக்காரனுக்கே.
மற்றவர் கையில் அது
கிழிக்க மறந்த விலைச்சீட்டு.

செய்யாமல் விட்டது நல்லதாயிற்று.

நவம்பரில் கோடெலீவ வந்தாள்,
வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ்.
வயலிலிருந்து டிராக்டர்கள்
சாலையெல்லாம் சேறு இழுத்துவிட்டிருந்த வாரம்.
"இறக்கம் முடிகிற இடத்தில் குறுக்கே வந்துவிட்டான்.
மழை வேறு.
இரண்டு விரலால் தொட்டேன். நின்றது."
அவ்வளவுதான். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது,
மாற்றிக் கொடு, நாலு வீடு பாக்கி.

அந்த வட்டு பிரேக்கை
மலைச்சேற்றில் நொடிகளுக்காகப் பாய்ந்த எவனோ
பிடிவாதமாகக் கேட்டிருப்பான்.
அவனுக்கு மெடல் கிடைத்ததோ என்னவோ.
இவளுக்கு முழங்கையில் சிராய்ப்புகூட இல்லை.

டயர் கதை வேறு.
மெலிந்ததுதான் வேகம் என்று
முப்பது வருடம் எங்களுக்குச் சொன்னார்கள்.
கல் பதித்த பாதையில் பல் ஆட ஆடப் போனோம்,
இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம் என்று அடித்துக்கொண்டு.
பிறகு யாரோ அளந்து பார்த்தார்கள்.
இந்த வசந்தத்தில் பந்தயம் எங்கள் ஊர் வழியாகப் போனது.
அணி வண்டிகள் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன்:
தபால்காரன் யோரிஸின் டயருக்கும்
அதற்கும் ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை.
யோரிஸ் பக்கத்தில்தான் நின்றான்,
உருளைக்கிழங்கு வறுவல் தின்றபடி.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மயோனைஸைத் துடைத்துக்கொண்டு
மிச்சத் தபாலைக் கொடுக்கப் போனான்.

போன ஞாயிற்றுக்கிழமை
கடை சாத்தியிருந்தும் கதவைத் தட்டினார் லீவன்.
முகமெல்லாம் வியர்வை, உப்பு.
"ஹோடொண்ட் மேடு. இறங்கவில்லை.
ஒரு இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை!"
நடந்துபோன ஒரு நாய் அவரை முந்தியதாம்,
அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்குத் தெரியும் ஏற்றிவிட்டது எது என்று.
பின்சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு
ஒரு பல்சக்கரம்,
அட்டையில் கடைசி வரியில் எழுதியிருப்பது.
அவரோ காற்றுக் குகைக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.
பதினான்கு வாட், பதினான்கு வாட் என்று.
திருத்த வாயெடுத்தேன்.
தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டுக் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார்.
கிறீச்.
"மறுபடி வருகிறது" என்றார், சற்றுத் தயங்கி.

செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள் என்றேன்.
காலையிலேயே.